பட்டம் பிழைப்பது திருவிழாவால்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுங்கைப்பட்டாணி பெரியோர்களே, வணக்கம்.

"பட்டத்தை வாழவைப்பது தோட்டத்துப் பிள்ளைப்பருவ நினைவா, இன்றைய திருவிழாவா?" இதுதான் தலைப்பு. லயத்து வரிசை வீட்டு வாசல், பழைய நாளிதழ், கஞ்சிப் பசை என்று எதிரணியினர் அடுக்கியதில் முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணீர் இருக்கட்டும். காற்று எங்கே?

பட்டத்தை இழுத்துக்கொண்டு திடல் முழுக்க ஓடியதைப் பெருமையாகச் சொன்னார்கள். ஏன் ஓடினார்கள்? அங்கே காற்று போதவில்லை! மரத்தைத் தாண்டி வரும் காற்று, அதன் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம் வரைக்கும் சுழன்று குழம்பும். 20 மீட்டர் ரப்பர் மரம் என்றால் 200 மீட்டர் தள்ளிப்போக வேண்டும். எந்தத் தோட்டத்துத் திடல் அத்தனை அகலம்? காற்று சீராக வந்தால் ஓடவே வேண்டாம். 20, 30 மீட்டர் தள்ளி ஒருவர் பட்டத்தைத் தூக்கிப் பிடித்துக் கைவிட, நூல்காரர் நின்ற இடத்திலேயே இழுத்தால் ஏறிவிடும்.

வயலுக்குப் போகலாமே என்பார்கள். அறுவடை முடிந்த வயல் நல்ல திடல்தான். ஆனால் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970களில் நம் கெடா மாநிலத்தில் இருபோகம் வந்தது. வயல் காய்ந்து கிடக்கும் நாள் சுருங்கிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்கள் என்ற குடியிருப்புகள் எழுந்தன, கூடவே மின்கம்பிகள். மலேசியாவின் தெற்கே ஜொகூரில் உள்ள பாசீர் கூடாங்கைப் பாருங்கள். 1995இலிருந்து உலகப் பட்டத் திருவிழா நடத்தும் அந்த ஊர், ஒரு குன்றையே பட்டத்துக்கு விட்டு, அருங்காட்சியகமும் வைத்திருக்கிறது. நினைவு இடம் ஒதுக்குமா?

"கடைப்பட்டம் வாங்கி விடுவதற்கு ஒரு விழாவா?" என்றார் எதிரணித் தோழி. பட்டம் கட்டச் சொல்லித்தரும் மேசை இல்லாவிட்டால் அது விழா அல்ல, வியாபாரம், ஒப்புக்கொள்கிறேன். மேசை இருந்தால்? 60 செ.மீ. முதுகுக் குச்சி, 50 செ.மீ. குறுக்குக் குச்சி. மேலிருந்து 15 செ.மீ. விட்டுக் கட்டு. கட்டுவதற்கு முன், குறுக்குக் குச்சியை நடுவில் நூல் போட்டுத் தொங்கவிடு. தாழ்கிற பக்கத்தைச் சீவு. இதை விட்டால் பட்டம் ஒரே பக்கம் சுற்றிச் சுற்றி விழும்.

பிறகு சூத்திரம், அதாவது பட்டத்தைத் தாங்கும் பிடிநூல். குச்சிகள் சேரும் இடத்திலும் கீழ்நுனியிலும் கட்டிய அந்த நூலில், பறக்கவிடும் நூல் சேரும் முடிச்சு கீழே இறங்கினால், பட்டம் நெஞ்சை நிமிர்த்திக் காற்றைத் தடுத்து நிற்கும். கை வலிக்கும், பட்டம் ஏறாது. மேலே ஏறிப்போனால் படுத்துக்கொண்டு தலைகுப்புற விழும். அரை அரை சென்டிமீட்டராகத்தான் நகர்த்த வேண்டும். இது தெரியாமல் தோட்டத்தில் எல்லா நோய்க்கும் வாலை நீட்டினார்கள்! ஆட்டம் நின்றது உண்மை. ஆனால் இலேசான காற்றில் அந்த வாலைத் தூக்க முடியாமல் பட்டம் தரையிலேயே கிடந்தது.

கண்ணாடித்தூள் நூலால் அறுத்துப்போட்ட வீரத்தையும் சொன்னார்கள். அறுபடுவது நூல் மட்டுமா? மோட்டார் சைக்கிளில் போகிறவர் கழுத்தும்தான். இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நைலான் மாஞ்சா நூலையே தடை செய்தது. விழாத் திடலின் வாசலில் நூலைத் தொட்டுப் பார்த்து உள்ளே விடலாம். தெருவில் யார் பார்ப்பது?

இன்னொன்று. கிளந்தானின் வாவ் பூலான் என்ற நிலாப் பட்டத்தின் தலையில் வில்லாகக் கட்டிய பூசூர் காற்றில் ரீங்கரிக்கும். யாழ்ப்பாணத்துப் பட்டத்தில் அதே வேலையை 'விண்' என்னும் வில் செய்கிறது. இரண்டையும் ஒரே வானத்தில் கேட்க விழாவைத் தவிர வேறு வழி உண்டா?

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவர் எழுந்ததும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு பிள்ளை பட்டமும் கையுமாக வந்து நின்றால், சுங்கைப்பட்டாணியில் எந்தத் திடலுக்கு ஐயா அனுப்புவீர்கள்?