இருபது வருஷம் அடைகாத்தவர்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பரிணாமக் கொள்கை வளரப் பெரிதும் காரணம் அறிஞர்களின் துணிவா, பொறுமையா? நான் பொறுமையின் பக்கம். தயாரித்து வந்த பேச்சு கையில் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார், அரங்கமே அதிர்ந்தது. "கோழி இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கிறது. உங்கள் டார்வின் தன் கொள்கையை வெளியிடாமல் இருபது வருஷம் அடைகாத்தார். அதற்குப் பெயர் பொறுமை இல்லை ஐயா, பயம்!" இதற்குப் பதில் சொல்லாமல் நான் நகர்ந்தால், பொறுமைக்காகப் பேச வந்ததில் அர்த்தமில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

தம்பி, உங்கள் கணக்கு சரி. 1838 செப்டம்பரில் பொருளாதார அறிஞர் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தபோது டார்வினுக்குப் பொறி தட்டியது. பிறக்கிற எல்லா உயிருக்கும் இங்கே இடமில்லை. சூழலுக்குத் தோதான சின்ன மாற்றத்தோடு பிறந்தது பிழைக்கிறது, அந்த மாற்றம் அதன் பிள்ளைகளுக்கும் போகிறது. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். 1842-ல் இதைப் பென்சிலால் 35 பக்கத்தில் எழுதினார். 1844-ல் அது 230 பக்கமாக வளர்ந்தது. உடனே மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம்: "நான் திடீரென்று இறந்துபோனால் 400 பவுண்டு ஒதுக்கி இதை வெளியிடு." பயந்தவன் எழுதியதை எரிப்பான் தம்பி. இவர் அதற்குப் பணம் ஒதுக்கி வைத்தார்.

பயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதே ஆண்டு தாவரவியல் அறிஞர் ஹூக்கருக்கு எழுதும்போது, இதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்றுதான் எழுதினார். ஆனால் பயந்தவன் அந்த வேலை இருக்கிற பக்கமே திரும்பமாட்டான். டார்வின் அந்த வேலையைவிட்டு ஒருநாளும் விலகவில்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? அதுவும் 1844-லேயே நடந்தது. பெயர் போடாமல் ஒரு புத்தகம் வந்தது. உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தவை என்றது. விற்பனை அமோகம். ஆனால் உள்ளே ஓட்டை மேல் ஓட்டை. டார்வினுக்கு நிலவியல் சொல்லிக்கொடுத்த செட்ஜ்விக்கே அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். முட்டையை முன்கூட்டியே உடைத்தால் குஞ்சு வராது தம்பி!

சரி, அந்த இருபது வருஷத்தில் அவர் என்னதான் செய்தார்? வாருங்கள், வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். இங்கிலாந்தில் டவுன் (Downe) என்ற கிராமத்தில் அவர் வீடு. மேஜையில் ஒரு மைக்ராஸ்கோப். அதன் அடியில் பார்னக்கிள். கப்பலின் அடியிலும் கடற்பாறையிலும் கல் மாதிரி ஒட்டிக்கொண்டு வாழும் சின்ன உயிர். 1835-ல் சிலி நாட்டுக் கரையோரத் தீவில் ஒரு கடல் நத்தையின் ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே குடியிருந்த ஒன்றைக் கண்டெடுத்திருந்தார். குண்டூசித் தலையளவு. பார்னக்கிள்தான், ஆனால் சொந்த ஓடே இல்லை. இது என்ன வகை? அந்த ஒன்றை அடையாளம் காண இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது, அதற்கு இன்னொன்று. 1846-ல் தொடங்கிய வேலை 1854-ல்தான் முடிந்தது. எட்டு வருஷம்!

எட்டு வருஷம் என்றால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்தது இதைத்தான். அப்பா காலையில் எழுவார், மைக்ராஸ்கோப் முன் உட்காருவார், பார்னக்கிள் பார்ப்பார். ஒருநாள் பக்கத்தில் வசித்த இன்னொரு பெரியவரைப் பற்றிப் பேச்சு வந்தது. டார்வினின் பிள்ளைகளில் ஒன்று கேட்டதாம்: "அப்படியா, அவர் எங்கே உட்கார்ந்து பார்னக்கிள் பார்ப்பார்?"

கவனியுங்கள். அவரும் பார்னக்கிள் பார்ப்பாரா என்று குழந்தை கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டது! உலகத்தில் அப்பா என்று ஒருவர் இருந்தால், அவர் வீட்டில் ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்னக்கிள் பார்த்துத்தானே ஆகவேண்டும்? மாடியிலா, கூடத்திலா, ஜன்னல் ஓரமா? அதுதான் அந்தப் பிள்ளையின் சந்தேகம். தம்பி, பயந்து பதுங்கிய ஒருவரின் வீட்டில் இந்தக் கேள்வி பிறக்குமா? எட்டு வருஷம் அலுக்காமல் உழைத்தவரின் வீட்டில்தானே பிறக்கும்?

அலுக்கவில்லை என்று சொன்னது தவறு, திருத்திக்கொள்கிறேன். நன்றாகவே அலுத்தது. 1852-ல் நண்பருக்கு எழுதுகிறார்: வேறெந்த மனிதனும் வெறுக்காத அளவுக்குப் பார்னக்கிளை வெறுக்கிறேன், மெதுவாகப் போகிற கப்பலின் மாலுமிகூட இப்படி வெறுத்திருக்கமாட்டான் என்று. வெறுத்துப்போன பிறகும் இன்னும் இரண்டு வருஷம் பார்த்தார்!

கிடைத்தது என்ன? பார்னக்கிள்களில் பெரும்பாலானவை ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக இருப்பவை. சில இனங்களில் பெண் தனியாக இருந்தது. ஆண் எங்கே என்று தேடினால், பெண்ணின் உடலில் துகள்போல ஒட்டிக்கொண்டு, வாய்கூட இல்லாமல் கிடந்தது. வேறு சிலவற்றில் இருபாலும் சேர்ந்த உடலோடு கூடுதலாகக் குட்டி ஆண்களும் ஒட்டியிருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்று உருவாகும் படிகள், ஒவ்வொரு படியாக, அவர் லென்ஸுக்கு அடியில்! இன்னொன்றும் கண்டார்: ஒரே இனத்துக்குள்ளேயே எந்த இரண்டு உயிரும் அச்சு அசலாக ஒன்றாக இல்லை. அந்தச் சின்ன வேறுபாடுகள் இல்லையென்றால் இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்? மால்தஸிடம் கிடைத்தது பொறி. அதில் போட விறகு இங்கேதான் கிடைத்தது.

டார்வினின் யோசனையைத் தானும் தனியாக எட்டிய இயற்கையியலாளர் வாலஸை எதிரணியினர் துணிவின் சின்னமாகக் காட்டினார்கள். அவரையும் நான் எங்கள் அணிக்கு அழைத்துக்கொள்கிறேன். அமேசானில் நான்கு வருஷம் உயிரின மாதிரிகளைச் சேகரித்துவிட்டு 1852-ல் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்து, கொண்டுவந்த சேகரிப்பெல்லாம் போயிற்று. பத்து நாள் படகில் மிதந்தார். இரண்டே வருஷத்தில் மலாய்த் தீவுகளுக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினார். எட்டு வருஷம், 1,25,660 மாதிரிகள். அது துணிவு மட்டும்தானா?

அப்புறம் தம்பி கடைசியாக ஒரு ஊசி குத்தினார். வாலஸின் கடிதம் வந்த பிறகுதான் டார்வின் பதறியடித்து ஓடிவந்தாராம். நண்பர்களே, அந்த நாட்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1858 ஜூன் 18-ல் கடிதம் கையில் கிடைத்தது. தன் இருபது வருஷ யோசனை வேறொருவர் கையெழுத்தில்! டார்வின் அதை ஒளிக்கவில்லை, அன்றே நண்பர் லயலுக்கு அனுப்பி வைத்தார். அடுத்த சில நாட்களில் வீட்டில் செங்காய்ச்சல். ஜூன் 28-ல் கடைசி மகன் இறந்துபோனான், ஒன்றரை வயசு. ஜூலை 1-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுதியதும் சேர்த்துப் படிக்கப்பட்டபோது வாலஸ் கிழக்கே தீவுகளில் இருந்தார். டார்வினும் அங்கே இல்லை. மகன் இறந்து மூன்றாம் நாள். ஓடிவந்தார் என்கிறீர்களே தம்பி, அவர் வரவே இல்லை.

அந்த வீட்டுக்கு அது முதல் அடியும் இல்லை. நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அந்த எட்டு வருஷத்துக்கு நடுவில் 1851 இருக்கிறது. மகள் ஆனி. பத்து வயசு. சிகிச்சைக்காக மால்வெர்ன் ஊருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வரமுடியவில்லை. அப்பா கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 23-ல் ஆனி போய்விட்டாள். அந்தக் கைகள்தான் திரும்பி வந்து மறுபடி மைக்ராஸ்கோப்பைத் திருகின. இதில் பயம் எங்கே இருக்கிறது? தம்பியிடம் இனி வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, மகளை மறந்துவிடக் கூடாதே என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார். வெளியிடுவதற்காக அல்ல. நோயில் கிடந்தபோதுகூட முகம் சுளிக்காத பிள்ளை என்றெல்லாம் அதில் நினைவுகூர்கிறார். நடுவில் ஒரு வரி. ஆனி எப்போது வேண்டுமானாலும் அப்பாவிடம் வந்துவிடுவாளாம். தலைமுடியைக் கோதிக் கோதி, அதை "அழகாக்குகிறேன்" என்று சொல்லிக்கொண்டு, அரைமணி நேரம் வாரிவிடுவாளாம்.

நன்றி, வணக்கம்.