கோட்டோரில் போன் காட்டிய நேரம்

வணக்கம். கப்பல் சுற்றுலா போய் வந்தேன் என்றால், சாப்பாடு எப்படி, வாந்தி வந்ததா, இந்த இரண்டைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அதை விடுங்கள். இன்று ஒரே ஒரு ஊரைப் பற்றிப் பேசுகிறேன், மாண்டினீக்ரோ நாட்டின் கோட்டோர். அங்கே போகிறவர்கள் கப்பல் ஊரை நெருங்கும் காலையில் மட்டும் தயவுசெய்து தூங்கிவிடாதீர்கள்.

ஏனென்றால் கோட்டோர் திறந்த கடலோரத்தில் இல்லை. ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறக்குறைய 28 கி.மீ. உள்ளே போகிற விரிகுடாவின் கடைசி மூலையில் ஒதுங்கி இருக்கிறது. பலர் இதை ஃபியோர்டு என்பார்கள், ஆனால் ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தது; இதுவோ கடலில் மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு. வெரிகே என்ற இடத்தில் நீர்வழி சுமார் 340 மீட்டராகக் குறுகிவிடும். அங்கே மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துக் கையசைத்தார், மேல்தளத்தில் நின்ற எல்லாரும் பதிலுக்குக் கையசைத்தோம்.

அதைத் தாண்டினால் பெராஸ்ட் ஊருக்கு எதிரே இரண்டு குட்டித் தீவுகள். ஒன்று இயற்கையானது, இன்னொன்று மனிதர்கள் போட்டது. 1452-ல் ஒரு பாறைமேல் மாதா படம் கிடைத்ததாம், அதிலிருந்து மீனவர்கள் கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அங்கே கல்லைப் போட்டும், பழைய கப்பல்களில் கல் நிரப்பி மூழ்கடித்தும் தீவையே உண்டாக்கி, மேலே கோயிலும் கட்டிவிட்டார்கள். இன்றும் ஜூலை 22 மாலையில் படகுகளில் போய்க் கல் போடுகிறார்கள்.

சரி, ஊருக்கு வருவோம். எங்கள் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது, கரைக்குச் சின்னப் படகில்தான் போனோம். இறங்கியதும் கடைத்தெருவில் சுற்றாமல் நேரே மலைமேல் இருக்கும் கோட்டைக்கு ஏறும் படியைப் பிடியுங்கள், வெயில் ஏறிவிட்டால் முடியாது. 1,350 படி என்கிறார்கள், நான் எண்ணவில்லை. சுண்ணாம்புக்கல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, நல்ல செருப்பு இல்லாவிட்டால் இறங்கும்போது ஆபத்து. என்னால் பாதி வழியில் இருக்கும் கோயில் வரைக்கும்தான் முடிந்தது, அதில் வருத்தமும் இல்லை.

கீழே புனித டிரைஃபன் பேராலயம், 1166-ல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் இரண்டு கோபுரங்களையும் நன்றாகப் பாருங்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. 1667 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டியதில் ஒன்று முடியாமலே நின்றுவிட்டது. 1979 ஏப்ரலில் மறுபடியும் பெரிய நிலநடுக்கம், ஊரே சிதைந்தது. அதே ஆண்டில்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அப்புறம் பூனைகள்! எந்த நாற்காலியில் உட்காரப் போனாலும் முன்பே ஒன்று படுத்திருக்கும்.

அப்படி ஒரு பூனையைத் தடவிக்கொண்டு காபி குடித்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். முந்தைய நாள் கிரேக்கத்தின் கோர்ஃபுவில் இருந்தோம். அங்கே மணி ஐந்து என்றால் கோட்டோரில் நாலு. என் போன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது, கப்பல் மாறவில்லை, கிரேக்க நேரத்திலேயே இருந்தது. கடைசிப் படகு கப்பல் நேரப்படி நாலரைக்கு, போனில் மூன்று பத்து, இன்னொரு காபி சொல்லலாமா என்றேன். என் மனைவி தன் கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நாலு பத்து.

ஓடினோம். படகில் ஏறி உட்கார்ந்ததும் ஒன்றும் பேசாமல் என் போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டவர், பயணம் முடிகிற வரை திருப்பித் தரவே இல்லை.