விமானியின் சம்பளம்: மணிக்கணக்கும் மூப்பு எண்ணும்

நேயர்களுக்கு வணக்கம்.

2023 மார்ச் மாதம் அமெரிக்காவின் டெல்டா நிறுவன விமானிகள் ஒரு புதிய ஒப்பந்தத்தை ஓட்டெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். கையெழுத்தானதும் 18 சதவீதம், 2026க்குள் ஆக மொத்தம் 34 சதவீதம் உயர்வு என்று செய்தி வந்தது. பெரிய உயர்வுதான். ஆனால் ஒரு விமானிக்கு மாத முடிவில் கையில் எவ்வளவு வரும், கிறிஸ்துமஸ் அன்று அவர் வீட்டில் இருப்பாரா என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது. அதற்கு வேலைக்குச் சேர்ந்த வரிசையைக் காட்டும் அவருடைய பணிமூப்பு எண்ணையும் ஒப்பந்தத்தின் உள்விதிகளையும் பார்க்க வேண்டும்.

முதலில் சம்பளம். அமெரிக்க விமானிக்கு மணிக்கணக்கில்தான் கூலி. எந்த மணி? விமானம் வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் வாயிலில் வந்து நிற்கும் வரை. சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து வானிலை பார்ப்பது, எரிபொருள் கணக்கைச் சரிபார்ப்பது, விமானத்தைச் சுற்றி வந்து டயரையும் இறக்கையையும் நோட்டம் விடுவது, இவையெல்லாம் அந்த மணிக்குள் வராது. இரண்டு பயணங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தாலும் அப்படியே. நம்மூர் ரயில் ஓட்டுநர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தோடு கிலோமீட்டர் படியும் உண்டு. 1934இல் அமெரிக்க விமானிகளுக்கு அரசின் தொழிலாளர் வாரியம் வகுத்த 83ஆம் எண் தீர்ப்பும் அடிப்படைச் சம்பளம், மணி, மைல் மூன்றையும் சேர்த்தே கூலி கணக்கிட்டது. பிற்காலத்தில் அது மணிக்கணக்கு அட்டவணையாகச் சுருங்கியது.

அந்த அட்டவணையில் ஒரு பக்கம் பணியாண்டு. பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் 12ஆம் ஆண்டோடு ஏற்றம் நின்றுவிடும். இன்னொரு பக்கம் விமான வகையும் இருக்கையும்: கேப்டனா, துணை விமானியா என்பது. இப்போதைய ஒப்பந்தங்களில் புதிதாகச் சேர்ந்த துணை விமானிக்கு மணிக்கு 100 டாலருக்கு மேல். 12 ஆண்டு கடந்து அகல உடல் விமானம் (உள்ளே இரண்டு நடைபாதை கொண்ட பெரிய விமானம்) ஓட்டும் கேப்டனுக்கு 400 டாலருக்கு மேல். இதைப் பார்த்துவிட்டு வாரம் 40 மணி நேரத்தால் பெருக்குபவர்கள் ஏமாந்து போவார்கள். 365 நாட்களில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது சட்டம். பலருடைய மாதம் 75, 80 மணியைச் சுற்றியே ஓடும்.

இங்கேதான் உள்விதிகள் வேலை செய்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நாள் பயணம். மொத்தம் பறந்தது 12 மணி நேரம். ஊரை விட்டுக் கிளம்பித் திரும்ப 62 மணி நேரம். பறந்த மணிக்கு மட்டும் கூலி என்றால் 12 மணி. நாளொன்றுக்குக் குறைந்தது 5 மணி 15 நிமிடம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 15 மணி 45 நிமிடம். வெளியே இருக்கும் ஒவ்வொரு மூன்றரை மணிக்கும் ஒரு மணிக் கூலி என்ற விதியும் இருந்தால், 17 மணி 43 நிமிடம். மூன்றில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். மணி விகிதம் ஒரு காசுகூட ஏறாமல் கூலி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிட்டது பாருங்கள்! இந்த விதி விமானியின் பைக்கு மட்டும் உரியதல்ல. காத்திருப்புக்கும் காசு தர வேண்டும் என்று வந்துவிட்டால், நிறுவனமே வீண் காத்திருப்பு இல்லாதபடி பயணங்களை அடுக்கும்.

ஆகவே புதிய ஒப்பந்த வரைவு கைக்கு வந்தால் சம்பள அட்டவணையை முதலில் புரட்டக் கூடாது. பயணம் ரத்தானால் அந்த மணிக்கான கூலி தங்குமா, இன்னோர் ஊரில் விமானம் எடுக்கப் பயணியாக ஏறிப் போனால் முழுக் கூலியா பாதியா, காத்திருப்புப் பணிக்கு மாத உத்தரவாதம் எத்தனை மணி, இவற்றைப் பார்த்துவிட்டு அப்புறம் விகிதத்துக்கு வரலாம்.

காத்திருப்புப் பணி என்றேன். ரிசர்வ் என்பார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை, புயலில் விமானம் சிக்கிக்கொண்டது என்றால் அழைக்கப்படும் ஆள். ஓரிரு மணி நேரத்தில் விமான நிலையம் வந்து சேர வேண்டிய ரிசர்வ் வகையில், போனை எடுக்கத் தயாராக இருக்கும் நேரம் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வேறு ஊரில் குடும்பம் வைத்திருப்பவர் இந்தப் பணியில் விழுந்தால், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேரோடு ஒரு வாடகை அறையில் படுக்கை பிடிக்க வேண்டியதுதான். யார் ரிசர்வில் விழுவார்? மூப்பு எண்ணில் கடைசியாக நிற்பவர்.

இனி அந்த எண். வேலைக்குச் சேர்ந்த நாளில் எண் கிடைக்கிறது. ஒரே நாளில் பத்துப் பேர் சேர்ந்தால், சில நிறுவனங்களில் வயதில் மூத்தவர் முன்னே. எந்த ஊர், எந்த விமானம், எந்த இருக்கை, எந்த வாரம் விடுமுறை, எல்லாவற்றுக்கும் விண்ணப்பிப்பார்கள். மேலிருந்து கீழாக எண் வாரியாக வழங்கப்படும். ஆட்குறைப்பு வந்தால் கீழிருந்து மேலாக. திறமைக்கு இடமில்லையா என்று கேட்கத் தோன்றும். ஓட்டத் தகுதியில்லாதவரைப் பயிற்சியும் சிமுலேட்டர் சோதனையும் நிறுத்திவிடும். தகுதி பெற்றவர்களுக்குள் மேலாளருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக் கூடாது என்பதுதான் எண்ணின் வேலை. மோசமான வானிலையில் 'போக மாட்டேன்' என்று சொல்லும் கேப்டனின் பதவி உயர்வு ஒரு மேலாளரின் மனநிலையில் தொங்கக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இம்முறை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் மொத்தப் பட்டியலில் எத்தனையாவது என்பதை விட, தன் ஊரில் தன் விமானத்தில் தன் இருக்கையில் எத்தனையாவது என்பதே வாழ்க்கையைத் தீர்மானிக்கும். 10,000 பேரில் 6,000ஆவது ஆள் சிறிய விமானத்தில் துணை விமானியாக இருந்தால் சனி, ஞாயிறு வீட்டில் இருக்கலாம். அதே ஆள் கேப்டன் பதவி கேட்டு வாங்கினால் அந்தப் பிரிவின் கடைசி ஆள். ரிசர்வ், பண்டிகை நாள் பணி எல்லாம் அவர் தலையில். சம்பளம் ஏறும், வீடு தூரமாகும். வேண்டாம் என்று பழைய இருக்கைக்குத் திரும்பிப் போகவும் எளிதில் முடியாது. புது இருக்கைக்குப் பயிற்சி கொடுத்த பிறகு சில காலம் அதிலேயே இருந்தாக வேண்டும் என்று ஒப்பந்தங்கள் கட்டிவைக்கின்றன.

இந்த எண்ணை இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. இருபது வருடக் கேப்டன் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் கடைசி எண், முதலாண்டுக் கூலி. ஓய்வு வயது 65 என்பதால் ஐம்பதில் தொடங்குபவருக்கு ஏற நேரமே கிடையாது. அதனால்தான் இரண்டு நிறுவனங்கள் இணையும்போது அத்தனை கொந்தளிப்பு.

2005இல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. முதலாவது பழைய நிறுவனம்; அதன் விமானிகளைக் கிழக்குத் தரப்பு என்பார்கள். 17 ஆண்டு பணி முடித்தவர்கள்கூட ஆட்குறைப்பில் வெளியே இருந்தார்கள். இரண்டாவது இளையது; அது மேற்குத் தரப்பு. சேர்ந்த தேதிப்படி அடுக்கினால், வேலையே இல்லாதிருந்தவர் மேற்குக் கேப்டனுக்கு மேலே ஏறிவிடுவார். அவரவர் பழைய பட்டியலில் நின்ற இடத்துக்கு ஈடாக, பதவிக்குப் பதவி விகிதம் பார்த்து அடுக்கினால், 17 ஆண்டுக்காரர் நேற்று வந்தவருக்குக் கீழே போவார். எதைச் செய்தாலும் ஒரு தரப்புக்கு அநியாயம். 2007இல் நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் பழைய நிறுவனத்தின் மூத்த விமானிகள் சுமார் 500 பேரை உச்சியில் வைத்து, மற்றவர்களை விகிதப்படி கலந்து, ஆட்குறைப்பில் இருந்தவர்களை அடியில் வைத்தார். எண்ணிக்கையில் பெரும்பான்மையான கிழக்குத் தரப்பு அதை ஏற்காமல் 2008இல் சங்கத்தையே ஓட்டுப்போட்டு மாற்றிவிட்டது. ஒரே நிறுவனத்தில் இரண்டு பட்டியல்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்த பிறகு, 2016இல்தான் நடுவர் குழு ஒரே பட்டியல் போட்டது. நம் நாட்டிலும் 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்த பிறகு, புதிய போயிங் 787 விமானப் பயிற்சி யாருக்கு என்ற தகராறில் 2012இல் 58 நாள் வேலைநிறுத்தம் நடந்தது நினைவிருக்கும்.

ஒப்பந்தப் பேச்சுக்கு ஏன் இவ்வளவு காலம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1926இன் ரயில்வே தொழிலாளர் சட்டத்தை 1936இல் விமானத் துறைக்கும் நீட்டினார்கள். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. திருத்தத் தக்கதாகும் நாள் மட்டுமே வரும். பழைய விகிதத்திலேயே வேலை தொடரும். தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் பேச்சிலிருந்து விடுவித்து, பிறகு 30 நாள் கழிந்தால்தான் வேலைநிறுத்தம். அப்போதும் அமெரிக்க அதிபர் தடுக்கலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கிளிண்டன் நிறுத்தினார். இழுத்தடிப்பதில் நிறுவனத்துக்கு லாபம் என்பதால், முன்தேதியிட்ட நிலுவைத் தொகையைச் சங்கங்கள் விடாமல் கேட்கின்றன.

கடைசியாக, சம்பளப் பக்கத்தில் இல்லாத ஒரு பிரிவு: எந்த விமானத்தை யார் ஓட்டலாம் என்ற வரம்பு. பெரிய நிறுவனம் தன் பயணங்களை மலிவான வட்டார விமான நிறுவனங்களுக்குத் தள்ளிவிடாதிருக்க, அவை ஓட்டும் விமானத்துக்கு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். எம்ப்ரேயர் நிறுவனத்தின் புதிய இ175-இ2 விமானம் எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் கனமான புதிய எஞ்சின்களால் அந்த எடையைத் தாண்டிவிட்டது. முக்கியமாக எந்த நாட்டுக்காக வடிவமைத்தார்களோ அந்த அமெரிக்காவிலேயே அதை வாங்க ஆளில்லாமல் போயிற்று. வட்டார நிறுவனங்கள் இன்னும் பழைய இ175 விமானத்தையே வாங்கிக்கொண்டிருக்கின்றன.

வணக்கம்.