தீப்பந்தத்தை அணைப்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது என்று சக போட்டியாளர்கள் முடிவு செய்வார்கள். ஆனால் 'கிளம்பு' என்று முகத்துக்கு நேரே சொல்லும் வேலை தொகுப்பாளருடையது. அமெரிக்காவின் ஜெஃப் ப்ராப்ஸ்ட் இந்த வேலையை 'சர்வைவர்' என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியில் 25 வருஷமாகச் செய்துவருகிறார். ஆளில்லாத இடத்தில் விடப்பட்ட போட்டியாளர்கள் வாக்களித்து ஒருவரையொருவர் வெளியேற்றும் ஆட்டம் அது. தமிழில் 2021-இல் நடிகர் அர்ஜுன் நடத்தினாரே, அதே வகை ஆட்டம்தான்.

சி.பி.எஸ். தொலைக்காட்சியில் இது 2000 மே 31-இல் தொடங்கியது. முதல் சீசன் நடந்தது மலேசியாவின் புலாவ் திகா தீவில். அதன் இறுதி நாளை 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதற்கு முன் ப்ராப்ஸ்ட், இசை பற்றிய வினாடி வினா நடத்திக்கொண்டிருந்தவர்.

வாக்கெடுப்பு இரவில் அவரைக் கவனியுங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், இவர் கண் பக்கத்தில் இருப்பவர் மேல் இருக்கும். அங்கே ஒரு முகச்சுளிப்பு தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி அவருக்குத்தான். பத்து நிமிஷத்தில், பூசி மெழுகி வைத்திருந்த சண்டை வெளியே வந்துவிடும். பிறகு வாக்குகளை ஒவ்வொன்றாகப் படித்து, தோற்றவரின் தீப்பந்தத்தை அணைப்பார். அவர் ஆட்டம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

2008-இல் ரியாலிட்டி தொகுப்பாளருக்கென்று, அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது புதிதாக வந்தது. முதல் விருது இவருக்கு. தொடர்ந்து நான்கு வருஷம் இவருக்கேதான். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் விழாவைத் தொகுத்து வழங்கியதும் அந்த விருதுக்குப் போட்டியிலிருந்த ஐந்து தொகுப்பாளர்களே. 'நாங்கள் எதுவுமே தயார் செய்யவில்லை' என்பதையே நகைச்சுவையாக்கி மேடையில் பேசினார்கள். எடுபடவில்லை, விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 2012-இல் இவர் பெயரிலேயே ஒரு பகல்நேர அரட்டை நிகழ்ச்சி வந்தது. அதுவும் ஒரே சீசனோடு சரி. என் கணிப்பு இது: எதிரே இருப்பவருக்கு இழக்க ஏதாவது இருந்தால்தான் இவர் கேள்விக்குக் கூர்மை வருகிறது. சோபாவில் உட்கார்ந்து காபி குடிப்பவரிடம் என்னத்தைக் கேட்பது?

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. பல வருஷமாக இவர் 'சர்வைவர்' நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளரும்கூட. விதியை வகுப்பவரும் கேள்வி கேட்பவரும் ஒரே ஆள். அண்மை சீசன்களில் கேமராவைப் பார்த்து விதிகளை இவர் விளக்கோ விளக்கென்று விளக்கும்போது, 'ஐயா, ஆட்டத்தைக் காட்டுங்கள்' என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனாலும் காது கொடுக்கத் தெரிந்த மனிதர். போட்டியாளர்களை 'கம் ஆன் இன், கைஸ்' என்றுதான் இருபது வருஷமாக அழைத்துவந்தார். 2021-இல், ஆண்களைக் குறிக்கும் அந்த 'கைஸ்' இனியும் வேண்டுமா என்று போட்டியாளர்களிடமே கேட்டார். முதலில், இருக்கட்டும் என்றார்கள். பிறகு ஒருவர் மட்டும் யோசித்து வந்து, வேண்டாம் என்றார். 'சரி' என்று ப்ராப்ஸ்ட் அந்தச் சொல்லை அந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

நன்றி, வணக்கம்.