ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்

அன்பார்ந்த தாய்மார்களே, தந்தையரே, அனைவருக்கும் வணக்கம்.

குழந்தையின் உடல் சுட்டதும் வெப்பமானி காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் நாம் அஞ்சுகிறோம், அல்லது ஆறுதல் அடைகிறோம். ஆனால், 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடித்தும் சூடு தணிந்தவுடன் எழுந்து விளையாடும் குழந்தையைவிட, 38 டிகிரியில் துவண்டு கிடக்கும் குழந்தையைப் பற்றியே மருத்துவர் அதிகம் கவலைப்படுவார். மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த வயதில் 38 டிகிரியே அவசரம், ஏனெனில் கடுமையான தொற்று இருந்தாலும் வேறு அடையாளம் எதுவும் வெளியே தெரியாமல் போகலாம்.

இன்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மூச்சைப் பற்றி. சாதாரணச் சளி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். நிமோனியாவும் அதே இருமலோடுதான் தொடங்குகிறது. இரண்டையும் பிரித்தறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிக்கு ஒரு கடிகாரம் இருந்தால் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கையில் சட்டையை விலக்கி, மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சிறு குழந்தையின் மூச்சு சீராக ஓடாது என்பதால், பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, பின்னர் ஒரு வயது வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலே அது வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு மட்டும் இன்னொரு முறை எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், நுரையீரல் விரிய மறுக்கிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பால் குடிக்க இயலாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கில் கண்கள் குழிவதும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவதும் உடலில் நீர் வற்றிவிட்டதைக் காட்டும். காய்ச்சலோடு தோன்றும் செந்தடிப்பின் மீது கண்ணாடிக் குவளையை அழுத்தியும் அது மறையவில்லை என்றால், மூளைக்காய்ச்சலோ இரத்தத்தில் தொற்றோ இருக்கக்கூடும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு தொடர்புடையது.

மருத்துவரிடம் வரும்போது, குழந்தை கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, மூச்சு எத்தனை என்பதைக் குறித்து வாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் "என் பிள்ளை எப்போதும்போல் இல்லை" என்று உங்கள் மனம் சொன்னால், அதையும் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டு, குழந்தையை மறுபடியும் முழுதாகப் பரிசோதிப்பது எங்கள் கடமை.