பேர் சொல்லாத பாட்டு

(கொடைக்கானலில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும் நண்பர்களே,

சற்று முன்னால் எல்லாரும் எழுந்து நின்றோம். 55 விநாடி. அதற்கு அரசாணை இருக்கிறது, 2021 டிசம்பரில் போட்டது. தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடல், பாடும்போது எழுந்து நிற்க வேண்டும். எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது, என் முழங்காலுக்குத்தான் உண்டு. நான் பேச வந்திருப்பது அரசாணை இல்லாத பாட்டைப் பற்றி. எந்த நகராட்சியும் தீர்மானம் போடாமலே ஓர் ஊருக்கு ஒரு சினிமாப் பாட்டு வந்து ஒட்டிக்கொள்கிறதே, அது எப்படி?

கணக்கு வாத்தியாருக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று வாசலில் ஒருவர் கேட்டார். குணா குகைக்குப் போகிற வழியில் என் வீடு இருக்கிறது ஐயா, தகுதி போதுமா? சீசனில் காலையில் முதல் வேன் 'குணா' படத்தின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டோடு போகும். சாயங்காலம் கடைசி வேன் அந்தப் பாட்டோடு திரும்பும். நடுவில் எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதலில் வெளியூர்க் கதை. 1977ல் மார்ட்டின் ஸ்கார்செஸி நியூயார்க் நகரத்தின் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். பாட்டு எழுதிக் கொடுத்தவர்கள் காண்டர், எப் என்று இரட்டையர். அவர்கள் முதலில் கொடுத்த பாட்டு கதாநாயகன் ராபர்ட் டி நீரோவுக்குப் பிடிக்கவில்லை. நடிக்க வந்தவன் பாட்டுக்குக் குறை சொல்வதா என்று இருவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே உட்கார்ந்து இன்னொன்று எழுதினார்கள். படத்தில் அதை லைசா மினெல்லி பாடினார். படம் ஓடவில்லை. பாட்டும் அதோடு போயிருக்க வேண்டியது. பிராங்க் சினாட்ரா எடுத்துப் பாடி, 1980ல் அது வெளிவந்தது. அப்புறம் யாங்கீஸ் என்ற அந்த ஊர் பேஸ்பால் அணியின் மைதானத்தில் ஆட்டம் முடிந்து ஜனங்கள் கலையும்போது அதைப் போட ஆரம்பித்தார்கள். சில வருஷம் முன்புதான், 1975ல், திவால் வாசல்வரை போய்த் திரும்பிய நகரம் அது. அந்தப் பாட்டில் வருவதுபோல், 'அங்கே ஜெயித்தால் எங்கேயும் ஜெயிக்கலாம்' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த ஊர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டைப் பாடுகிறவன் நியூயார்க்காரன் இல்லை. சின்ன ஊர் அலுத்துப்போய், அங்கே போகத் துடிக்கிறவன். நம் மெட்ராஸுக்கும் அப்படித்தான். 1967ல் 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷுக்காக டி.எம்.எஸ். பாடினாரே, கண்ணதாசன் எழுத்து, எம்.எஸ்.வி. இசை. நல்ல மெட்ராஸ் என்று தொடங்கி மெட்ராஸின் மானத்தையே வாங்குகிற பாட்டு. பாடுகிறவன் வெளியூர்க்காரன். மயிலாப்பூரிலேயே பிறந்தவன் மயிலாப்பூரைப் பார்த்து வாய்பிளந்து பாட மாட்டான். அவனுக்கு அது தண்ணி லாரி வருகிற தெரு.

ஆக, ஊருக்குப் பாட்டைக் கொண்டுவருகிறவன் வந்தேறி. ஊர்க்காரன் அதை ஏற்றுக்கொள்வது வேறு சமாசாரம். அது பல சமயம் துக்கத்தில்தான் நடக்கிறது.

மான்செஸ்டரில் 2017 மே 22ஆம் தேதி, இசை நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் குண்டு வெடித்து 22 பேர் செத்தார்கள். அவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு. மூன்று நாள் கழித்து செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் கூடி மௌன அஞ்சலி செலுத்தினார்கள். மௌனம் முடிந்தது. அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் தனியாகப் பாடத் தொடங்கினாள். 'ஓயாசிஸ்' என்ற அந்த ஊர்க் குழு 1996ல் தனிப்பாட்டாக வெளியிட்டது அது. பழையதைக் கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே என்பது தலைப்பின் அர்த்தம். பக்கத்தில் நின்ற நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள், பிறகு சதுக்கமே பாடியது. நம் இழவு வீடுகளில் ஒப்பாரியை எடுத்துக்கொடுக்க ஒருத்தி இருப்பாள் இல்லையா? அவள் எடுக்கும்வரை மற்றவர்கள் தொண்டையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதே வேலைதான். அந்தப் பாட்டில் மான்செஸ்டர் என்ற சொல்லே கிடையாது.

நம் ஊர்ப் பாட்டிலும் கொடைக்கானல் என்ற சொல் இல்லை. 1991 தீபாவளிக்கு 'தளபதி' வந்த அதே நாளில் 'குணா' வந்தது. வாலி எழுதி, இளையராஜா இசையில் கமலும் ஜானகியம்மாவும் பாடியது. படம் எடுத்த குகைக்கு டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரை அந்தப் படம் துடைத்துப் போட்டுவிட்டது. தெருப் பெயரை மாற்றவே கெஜட் வேண்டியிருக்கிற நாட்டில், குகைக்கு ஒரு படம் போதும் என்று ஆயிற்று. பாட்டு என்னவோ வெறும் கடிதம்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், எழுதியதை அவளே பாடிக் காட்டுகிறாள்.

32 வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில், அதே பாட்டு மலையாளப் படம் ஒன்றில் ஏறித் திரும்பி வந்தது. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. 2006ல் இங்கே குழிக்குள் விழுந்த பையனை அவன் கூட்டாளியே இறங்கித் தூக்கிவந்த உண்மைக் கதை. மேலே தூக்குகிற இடத்தில் இது சாதாரண மனிதக் காதல் இல்லை என்று அந்த வரி வருகிறது. காதலுக்கு எழுதிய வரி சிநேகிதத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. தியேட்டரில் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் வேன்கள் வந்தன. அந்த வருஷம் மே 7ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் நமக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது.

இது வந்துபோகிறவர்கள் பாட்டு, மேல்மலைக்காரனுக்கு இது வெறும் டிராபிக் ஜாம் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஐப்பசி வரைக்கும்.

வத்தலக்குண்டிலிருந்து கடைசி பஸ்ஸில் ஏறினேன். நல்ல மழை. பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து வழி அடைத்துக் கிடந்தது. டிரைவர் விளக்கை அணைத்துவிட்டார். சிக்னல் கிடையாது. பஸ்ஸில் ஒரு டூரிஸ்ட்கூட இல்லை. மூன்று மணி நேரம். பின்சீட்டில் பூம்பாறைக்காரர் ஒருவர், வடுகபட்டியில் பூண்டு போட்டுவிட்டுத் திரும்புகிறவர், வெறும் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருட்டில் கமல் குரலில் ஆரம்பித்தார். நாலு பேர் சிரித்தார்கள். முன்சீட்டிலிருந்து ஒரு பெண் ஜானகி பங்கை எடுத்தாள், சுருதி சுத்தமாக. சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொல்ல, அவள் பாட, நடுவே இருந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். வேன்காரர்களைத் திட்டுகிற எனக்கு ஒரு சொல் விடாமல் வரி தெரிந்திருந்தது.

மரத்தை அறுத்து ஒதுக்கியதும் டிரைவர் எஞ்சினைப் போட்டார். பாட்டு பாதியில் நின்றது. பெருமாள்மலை தாண்டியபோது பின்னாலிருந்து அவர் கேட்டார்: "தங்கச்சி, எழுதியாச்சா?"

"எழுதினேன்ணே. மழையில நனைஞ்சிருச்சு."

வணக்கம்.