அந்த ஏணியைச் செய்தது யார்?

நடுவர் அவர்களே, பினாங்குப் பெருமக்களே, வணக்கம்.

"மனித சமுதாயம் முழுவதும் ஒரே ஏணியில்தான் ஏறுகிறது, சிலர் முன்னால், சிலர் பின்னால்" என்றார் எதிரணித் தலைவர். சாட்சிக்குக் கோலாலம்பூரின் 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தையும் கூட்டி வந்தார். கோபுரத்தின்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த ஏணியைச் செய்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

1877-இல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் மனிதகுலத்தை மூன்று படிகளில் நிறுத்தினார்: காட்டு நிலை, அநாகரிக நிலை, நாகரிகம். உச்சிப் படிக்கு அவர் வைத்த அடையாளம் எழுத்து. மலைகளைக் கடந்து 30,000 கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்ட தென் அமெரிக்க இன்கா மக்களிடம் அவர் கேட்ட எழுத்து இல்லை. அதனால் நடுப்படியோடு சரி! இதற்கு டார்வினையும் துணைக்கு அழைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1859-இல் வந்த அவர் நூலில் இருப்பது ஒரே ஒரு வரைபடம். அது கிளை கிளையாகப் பிரிகிறது. அதில் உச்சிப் படி எங்கே இருக்கிறது?

சரி, முன்னேற்றத்தைப் பணத்தால் அளப்போம் என்பார்கள். நாட்டு வருமானத்தைக் கணக்கிட வழி செய்த சைமன் குஸ்னெட்ஸே, 1934-இல் அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த எண்ணைக் கொண்டு மக்கள் நலத்தை எடை போட முடியாது என்று எச்சரித்துவிட்டார். 1990-இல் பொருளியல் அறிஞர்கள் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் உருவாக்கிய மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுளையும் கல்வியையும் வருமானத்தோடு சேர்த்தது.

இனி மலேசியத் தமிழரான நம் கதைக்கு வருகிறேன். ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் பேச வரவில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, நெற்றி விளக்கோடு மரம் சீவி, பால் வாளி சுமந்தே முதுகு வளைந்தவர்கள் நம் பாட்டிமார். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. பிள்ளைகள் பலருக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1972-க்குப் பிறகு நம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு நம் பெண்கள் பஸ் ஏறிப் போனது முன்னேற்றம்தான், மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறினவே, அப்போது என்ன நடந்தது? எழும்பிய ஒவ்வொரு வீடும் கடையும் நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏறியது. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயமோ வேலையோடு ஒட்டியது; வேலை போனதும் அதுவும் போனது. கைப்பிள்ளையை விட்டுப்போன ஆயாக் கொட்டகை, லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த கீரைப் பாத்தி, மாட்டுக் கொட்டகை, முனியாண்டி கோயில் எல்லாம் போயின. இவற்றில் ஒன்றையாவது அந்தக் கணக்கு கழித்துக் காட்டியதா?

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரைக் கேட்கிறேன். தான் சீவிய மரங்கள் நின்ற மண்ணில் எழுந்த வீட்டை வாங்க வழியில்லாமல், நகரத்து ஓரத்தில் புறம்போக்கில் குடிசை போட்டதே ஒரு குடும்பம், அதை உங்கள் ஏணியில் எந்தப் படியில் நிறுத்துவீர்கள்?